முதலில் வந்த சுருக்கம்

அம்பத்தூரில் ஒரு நட்டு போல்ட் கம்பெனி. அதன் ஸ்டோர்ஸில் மாசிலாமணி, ஏழுமலை, ஆரோக்கியம், வேதாசலம் என்று நாலு பேர் வேலை பார்த்தார்கள். நாலு பேரும் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். கம்பெனிக்கு அவர்களால் இருந்த ஒரே தொல்லை அதுதான்.

ஒருநாள் கேட்டில் முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் ஒன்றை மாட்டினார்கள். பைலில் உள்ள போட்டோவோடு முகம் ஒத்துப்போனால், "புருவத்தை உயர்த்தவும்" என்று ஒரு பெண் குரல் சொல்லும். யாரும் போட்டோவைக் காட்டி ஏமாற்றிவிடக் கூடாதே என்று அந்த ஏற்பாடு. புருவத்தை உயர்த்தினால் கேட் திறக்கும்.

மூன்று பேருக்குத் திறந்தது. மாசிலாமணிக்குத் திறக்கவில்லை. "முகம் பொருந்தவில்லை" என்றது மெஷின். அதன்மேல் தப்புச் சொல்ல முடியாது. பைலில் இருந்தது அவர் இருபத்துநாலு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த போட்டோ. ஃபிளாஷ் வெளிச்சத்துக்கு மிரண்டு, அதில் இரண்டு புருவமும் நட்டுக்க மேலே ஏறியிருக்கும். இப்போது அவருக்கு ஐம்பத்தாறு.

மேனேஜர் வேறு ஏதோ அவசரத்தில் இருந்தார். "முகமும் போட்டோவும் ஒண்ணா இருக்கணும்யா. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதிக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா வேலை போயிடும், நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டு, அதுவரை லீவும் கொடுத்துவிட்டுப் போனார்.

முப்பத்திரண்டு வருஷமாகப் பார்த்த வேலை. மாசிலாமணி அன்று மதியம் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அதைப் பார்த்து மற்ற மூன்று பேருக்கும் சோறு இறங்கவில்லை.

"புதுசா ஒரு போட்டோ எடுத்துக் குடுத்துட்டா என்ன?" என்று கேட்டார் ஏழுமலை.

"போட்டோ கம்பெனி சொத்துய்யா. மேல சீல் வேற போட்டிருக்கு. அதுல கை வெச்சா போலீஸ் கேஸ்" என்றார் வேதாசலம். நாலு பேரில் விவரமானவர் அவர்தான் என்று மற்ற மூவரும் நம்பினார்கள். "ஆனா முகம் அண்ணனோட சொந்தச் சொத்து. அதை மாத்தினா கேட்க ஆளில்ல."

மறுநாளே ஒரு தோல் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டரம்மா பொறுமைசாலி.

"எல்லாமே ஊசிதான். சுருக்கம் விழவைக்கிற தசையை அசையாம வைக்கிறது போடாக்ஸ். பள்ளமான இடத்தை நிரப்புறது ஃபில்லர். உங்க ரத்தத்தையே எடுத்து, பிரிச்சு, முகத்துல போடுறது பிஆர்பி. தோலுக்கு ஈரம் குடுக்கிறது ஸ்கின் பூஸ்டர். யோசிச்சுச் சொல்லுங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ஈரமாம்ல?" என்று ஆரம்பித்தார் ஏழுமலை. "ஸ்டோர்ஸ்ல எதைக் கிட்ட சேர்க்காம இத்தனை வருஷம் காப்பாத்துறோமோ, அதையே உள்ள ஏத்தச் சொல்றாங்க. நாளைக்குத் துரு பிடிச்சா யாரு பதில் சொல்றது?"

"பிஆர்பியும் வேண்டாம்" என்றார் ஆரோக்கியம். "அண்ணனோட ரத்தத்துக்கும் ஐம்பத்தாறு வயசுதானே? அதைப் போட்டா அதே வயசுதான் தெரியும். என் ரத்தத்தை எடுத்துக்கட்டும். நான் மூணு வயசு சின்னவன்."

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆரோக்கியம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார்; மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். டாக்டரம்மா மடித்த கையை இறக்கிவிட்டு, "உங்களுக்கு எது ரொம்ப உறுத்துது? நெத்திச் சுருக்கமா, கன்னத்துப் பள்ளமா?" என்று மாசிலாமணியையே கேட்டார்.

"உறுத்துறது கணக்கில்ல மேடம்" என்று குறுக்கே வந்தார் வேதாசலம். "ஸ்டோர்ஸ் ரூல்படி முதல்ல வந்த சரக்குதான் முதல்ல வெளிய போகணும். இதுல எது முதல்ல வந்துச்சு?"

டாக்டரம்மா படித்த படிப்பில் அது இல்லை. மாசிலாமணியின் மனைவி கோமளத்துக்குப் போன் போட்டார்கள்.

"கல்யாண ஆல்பத்துலயே நெத்தியில கோடு இருக்கு. கன்னத்துப் பள்ளம் போன வருஷம் பல்லு பிடுங்கினப்புறம் வந்தது. எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள் கோமளம். அதற்குள் போனை வைத்துவிட்டார்கள். நெற்றிக்குப் போடாக்ஸ் என்று முடிவாயிற்று.

ஊசி போட்டு முடித்ததும் டாக்டரம்மா சொன்னார்: "இன்னிக்கு முகத்தைத் தொடாதீங்க. பதினஞ்சு நாள் பாருங்க, வித்தியாசம் தெரியும்."

வாயும் முகத்தில்தானே இருக்கிறது? அதனால் அன்று ஏழுமலை இரண்டடி தள்ளி நின்று, இட்லியைப் பிய்த்து மாசிலாமணியின் வாய்க்குள் எறிந்தார். பாதி சட்டைக்குப் போனது. அப்புறம் பதினைந்து நாளும் மூன்று பேரும் ஷிப்ட் போட்டு அவர் எதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். ஷிப்ட் மாறும்போது நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வைத்தார்கள். 'மூக்கு இருந்த இடத்தில் இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை' என்று ஒருநாள் ஆரோக்கியம் எழுதியிருந்தார்.

ஒண்ணாந்தேதி வந்தது. மாசிலாமணி சாமியைக் கும்பிட்டுவிட்டு மெஷின் முன்னால் நின்றார். நெற்றி புது எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது.

"முகம் பொருந்தியது" என்றது மெஷின். மூன்று பேரும் கை தட்டினார்கள்.

"புருவத்தை உயர்த்தவும்."

மாசிலாமணி உயர்த்தப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது, காது இரண்டும் ஆடின, குதிகால்கூட தரையை விட்டு எழும்பியது. புருவம் மட்டும் அசையவில்லை.

"இது புகைப்படம். உரிய நபரை அழைத்து வரவும்."

"கேட்டீங்களா?" என்றார் வேதாசலம் சந்தோஷமாக. "முகமும் போட்டோவும் ஒண்ணாயிருச்சு. அண்ணன் இப்ப போட்டோ."

"அப்ப உரிய நபர் எங்க?" என்று கவலைப்பட்டார் ஆரோக்கியம்.

"போட்டோ இங்க வந்துட்டா, ஆளு போட்டோ இருந்த இடத்துலதானே இருக்கணும்?" என்றார் வேதாசலம்.

ஏழுமலை ஆபீசுக்கு ஓடி, பைலிலிருந்து உரிய நபரை அழைத்து வந்து மெஷினிடம் காட்டினார்.

"முகம் பொருந்தியது. புருவத்தை உயர்த்தவும்."

அந்தப் புருவம் முப்பத்திரண்டு வருஷமாக உயர்ந்தேதான் இருந்தது.

"நன்றி. உள்ளே செல்லலாம்." கேட் திறந்தது. வேலை தப்பியது.

உரிய நபரை மாசிலாமணியின் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் பேனா வைத்தார்கள். மாசிலாமணியை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய், சட்டைப் பட்டனில் பைல் நம்பரைக் கட்டி, ஆபீஸ் பீரோவில் வைத்தார்கள். மேனேஜர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். மாசிலாமணி ஆஜர் என்று இருந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மதியம் மணி அடித்ததும், கோமளம் கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸோடு ஆரோக்கியம் பீரோவைத் திறந்தார். மாசிலாமணி சுருக்கமே இல்லாத முகத்தோடு பாக்ஸைத் தள்ளிவிட்டார்.

"எனக்கு இருக்கட்டும். முதல்ல அவன் சாப்பிட்டானான்னு பாரு. சின்னப் பையன், பசி தாங்க மாட்டான்."