நீர்க்காகங்கள் இல்லாத ஏரி

கூழைக்கடா ஒன்று ஓர் ஏரி முழுவதையும் தனக்கே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டது. பெயரில் கடா இருந்தாலும் அது ஆடு அல்ல. அலகின் கீழே பை தொங்கும் பெரிய பறவை. அதன் பெயர் அகலவாயர். கூட்டத்துக்குத் தலைவர் என்பதால் நாமும் மரியாதையாகவே சொல்வோம்.

ஏரியின் நடுவே தண்ணீருக்குள் கருவேல மரங்கள் நின்றன. உச்சிக் கிளைகளில் கூழைக்கடாக்களின் கூடுகள். அகலவாயரின் கூட்டில் இரண்டு குஞ்சுகள் ஓயாமல் பசி, பசி என்று கத்தின. கீழ்க்கிளைகளில் நீர்க்காகங்கள் இறக்கையை அகல விரித்து வெயில் காய்ந்தன.

அந்த விரித்த இறக்கைகள் அகலவாயரின் கண்ணை உறுத்தின. முழுகுகிறார்கள், நம் மீனைத் தின்கிறார்கள், பிறகு பாதிப் பகல் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் கூட்டம் கூட்டிப் பேசினார். ஒரு நீர்க்காகம் தின்னும் மீன் ஒரு குஞ்சின் வாயிலிருந்து பிடுங்கிய மீன் என்றார். தாய்ப்பறவைகள் கொதித்து எழுந்தன.

உண்மையில் நீர்க்காகங்கள் சும்மா உட்காரவில்லை. நீர்க்காகத்தின் இறகில் தண்ணீர் ஊறும். ஊறுவதால்தான் அதனால் ஆழத்துக்கு இறங்க முடிகிறது. நனைந்ததைக் காயவைத்தால்தான் அடுத்த முழுக்கு. அகலவாயருக்கு இது தெரியாது. கேட்கவும் இல்லை.

மறுநாள் கூழைக்கடாக்கள் கீழ்க்கிளைகளையும் அடைத்து உட்கார்ந்தன. நனைந்து வந்த நீர்க்காகங்களுக்குக் காலூன்ற இடமில்லை. கருந்தூவி என்ற மூத்த நீர்க்காகம் கொஞ்சம் நகரச் சொல்லிப் பார்த்தது.

"இது குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கும் மரம், அம்மா. வெயில் காய வேறு ஏரி பாருங்கள்" என்றார் அகலவாயர்.

நீர்க்காகங்கள் போய்விட்டன. அன்று மாலை ஒரே கொண்டாட்டம்.

விடிந்ததும் கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்தின. அலகைத் தண்ணீரில் விட்டு அள்ளின. வந்தது தண்ணீர்தான். அடியிலிருந்து மேலே துரத்த நீர்க்காகங்கள் இல்லாததால் மீன்கள் சேற்றோடு சேர்ந்து சுகமாகப் படுத்திருந்தன. அகலவாயர் தலைகீழாகப் பாய்ந்து முழுகப் பார்த்தார். கூழைக்கடாவின் தோலுக்கடியில் காற்றுப் பைகள் உண்டு. போன வேகத்தில் தக்கை போல மேலே வந்தார். மறுபடியும் பாய்ந்தார், மறுபடியும் மிதந்தார். கரையிலிருந்த நாரை, தலைவர் குளிக்கிறாரா, வேட்டையாடுகிறாரா என்று விசாரித்தது.

மூன்றாம் நாள் குஞ்சுகளின் கத்தல் நின்றது. கத்தவும் தெம்பில்லாமல் அவை தலையைத் தொங்கப்போட்டன. அகலவாயரின் மனைவி சொன்னாள்: "ஏரி முழுக்க உங்களுடையதாகவே இருக்கட்டும். எனக்கு இரண்டு மீன் கொண்டுவாருங்கள்."

அகலவாயர் பக்கத்து ஏரிக்குப் பறந்தார். அங்கே கருந்தூவியின் கூட்டம் அடியில் புகுந்து கலக்க, மிரண்ட மீன்கள் மேலே துள்ளின. மேலே காத்திருந்த வேறு கூழைக்கடாக்கள் அலகு நிறைய அள்ளின. அவர் சற்று நேரம் வாயைப் பிளந்து பார்த்தார். அந்த வாயைப் பிளந்தால் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்கள் திரும்பி வர அனுமதி தருகிறேன்" என்றார்.

"அனுமதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிளைதான் வேண்டும்" என்றது கருந்தூவி.

அவருக்குக் குஞ்சுகளின் தொங்கிய தலைகள் நினைவுக்கு வந்தன. "கீழ்க்கிளை எல்லாம் உங்களுக்கு. தெரியாமல் செய்துவிட்டேன். இன்றைக்கே வாருங்கள், தாயே."

நீர்க்காகங்கள் வந்தன. சரசரவென்று முழுகின. ஏரி கொதிப்பது போல மீன்கள் மேலே துள்ளின! அகலவாயர் பையை நிரப்பிக்கொண்டு கூட்டுக்குப் பாய்ந்தார். ஒரு குஞ்சு அவர் தொண்டைக்குள் தலையை நுழைத்தது. இன்னொன்று அதைத் தள்ளிவிட்டு நுழைந்தது. மறுபடி மீன் பிடிக்க இறங்கியபோது ஒரு நீர்க்காகம் அவர் அலகுக்கு முன்னிருந்தே ஒரு கெண்டையைக் கவ்விக்கொண்டு போனது. அகலவாயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாய் நிறைய மீன் இருந்ததால் சொல்ல முடியவில்லை.

போட்டியாளன் தின்பதை மட்டும் கணக்குப் பார்த்து அவனை விரட்டுகிறவன், அவனால் தனக்குக் கிடைத்துவந்த உணவையும் சேர்த்தே விரட்டுகிறான்.