மந்தியின் மூச்சும் மானின் தாகமும்

மூங்கில்பள்ளம் காட்டில் ஒரு குட்டை உண்டு. கோடை வந்தால் அந்தப் பக்கத்து மலைகளில் எல்லாம் வற்றிப்போகும், இந்தக் குட்டையில் மட்டும் தண்ணீர் கிடக்கும். கரையில் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு மருதமரம். மரத்தின் மேலே சாம்பல் மந்திக் கூட்டம். கீழே புள்ளிமான் கூட்டம்.

இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு ஏற்பாடு இருந்தது. மான் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் தலை குனிய வேண்டும். குனிந்துவிட்டால் கரைப்புல் கண்ணை மறைத்துவிடும். புலிக்கு அந்த ஒரு நிமிஷம் போதாதா? அதனால் விடிந்ததும் ஒரு மந்தி உச்சிக்கு ஏறும், நாலு திசையும் பார்க்கும். புலி இல்லையென்றால் "ஊஹூப்!" என்று கூவும். அதைக் கேட்டால்தான் மான்கள் குனியும். புலி இருந்தால் "ககர்! ககர்!" என்று அலறும். மான்கள் சிட்டாய்ப் பறந்துவிடும்.

இதை யாரும் எழுதி வைக்கவில்லை, சத்தியமும் செய்யவில்லை. மேலே ஒருவன் கூவுகிறான், கீழே அத்தனை உயிரும் அவனை நம்பித் தலை குனிகிறது! நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

அந்த மந்திக் கூட்டத்தில் எந்த மரத்தில் பிறக்கிறதோ அந்த மரத்தின் பேரைத்தான் குட்டிக்கு வைப்பார்கள். மருதமரத்தில் பிறந்தவன் மருதன். மாசி மாதம் அவனுக்குக் குரல் உடைந்தது. குரல் உடைந்த ஆணுக்குத்தான் உச்சிக் காவல் கிடைக்கும்.

முதல் நாள் அவன் உச்சியில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து "ஊஹூப்!" என்றான் பாருங்கள், அடேயப்பா! மரங்கொத்தி கொத்துவதை நிறுத்தியது. எதிர்மலை அந்தக் குரலை வாங்கி அப்படியே திருப்பிக் கொடுத்தது. அவ்வளவு சின்ன நெஞ்சுக்குள் இவ்வளவு பெரிய குரல் எங்கே ஒளிந்திருந்தது என்று யாருக்கும் புரியவில்லை.

கீழே தூவானி என்ற மான் அண்ணாந்து பார்த்தாள். அவளும் மருதனும் ஒரே மழைக்குப் பிறந்தவர்கள். மான் சீக்கிரம் வளர்ந்துவிடும் இல்லையா, அவளுக்கு அதற்குள் ஒரு குட்டியே இருந்தது.

"மருதா! நீயா அது?"

"நானேதான்!"

"என் உடம்புல இருக்கிற புள்ளியெல்லாம் எழுந்து நின்னுருச்சு போ!" என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து தண்ணீர் குடித்தாள்.

குட்டைக்குக் கிழக்கே மேட்டில் மலைச்சாலை. அங்கே ஒரு கொண்டை ஊசி வளைவு. கார்களை நிறுத்தி இறங்குகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், சிகரெட்டைப் பாதியில் வீசிவிட்டுப் போவார்கள். வீசியதைப் பொறுக்க அங்கே ஒரு நாட்டுக்குரங்கு இருந்தான். அடிவாரத்துப் பஞ்சர் கடைக் கூரையில் பிறந்தவன், அதனால் பேரே பஞ்சர். காய்ந்த யானை லத்திக்குள் நெருப்புக் கங்கு ஒன்றை அணையாமல் வைத்துக்கொண்டு, அதில் சிகரெட் துண்டுகளைப் பற்றவைத்து இழுப்பான். அவனைச் சுற்றி எப்போதும் நாலு இளவட்டக் குரங்குகள்.

ஒரு நாள் மருதன் அந்தப் பக்கம் போனான்.

"வாங்க காவல்காரரே! காடு பூரா உங்க பேச்சுத்தான்! ஒரு இழுப்பு?"

"வேண்டாம்ப்பா! நாத்தம் குடலைப் பிடுங்குது!"

"அட, குரல் உடைஞ்சவங்களுக்குத்தான் இது. சரி விடுங்கடா, பால்குடி மறக்காத பிள்ளை, பயப்படுது!"

நாலும் கெக்கெக்கே என்று சிரித்தன. அந்தச் சிரிப்பை மருதனால் தாங்க முடியவில்லை. வெடுக்கென்று பிடுங்கி ஒரு இழுப்பு இழுத்தான். இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, கிளையிலிருந்து விழப் பார்த்தான்.

"முதல்ல அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்," என்றான் பஞ்சர்.

அந்தப் பயல் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. பழகித்தான் போனது.

பங்குனி பிறந்தபோது மருதனுக்குக் கண் விழித்ததும் புகைதான் ஞாபகம் வந்தது. ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறுகிறவன், நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து இளைத்தான். யாராவது கேட்டால், "நினைச்சா இன்னைக்கே விட்டுருவேன்!" என்பான். நினைக்கத்தான் இல்லை.

ஒரு காலை, அவன் பாதி மரம் ஏறும்போதே கிழக்குக் காற்றில் புகை வாசனை வந்தது. கால் நிற்கவில்லை. வடக்கே பார்த்தான், மேற்கே பார்த்தான், கிழக்கே பார்த்தான். தெற்கே பார்க்கவில்லை. "ஊஹூப்!" என்று ஒன்று கூவிவிட்டு, கிளைக்குக் கிளை தாவிச் சாலைக்கு ஓடினான்.

வளைவில் உட்கார்ந்து முதல் இழுப்பை இழுக்கும்போது எதேச்சையாகக் கீழே பார்த்தான். தெற்குக் கரையில் புல் அசைந்தது. பெரியவர்!

காட்டில் யாரும் புலியைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், பெரியவர் என்றுதான் சொல்வார்கள். அவர் நடந்து வந்த அழகை என்னவென்று சொல்ல! அத்தனை பெரிய உடம்பு, ஒரு சருகு நொறுங்கவில்லை. காய்ந்த புல்லே எழுந்து நடந்து வருகிற மாதிரி இருந்தது. இருபது அடி தூரத்தில் தூவானி தலை குனிந்து நின்றாள்.

மருதன் எழுந்து மூச்சை இழுத்தான். "க்ஹ்... க்ஹ்..."

இன்னொரு தடவை இழுத்தான். மூச்சு பாதி வழியில் நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. பக்கத்தில் பஞ்சர் எப்போதோ மரமேறிவிட்டான்.

நல்லவேளை, ஒரு மயில் படபடவென்று எழும்பியது. தூவானி துள்ளினாள். பெரியவரின் நகம் அவள் தொடையைக் கிழித்தது. ஆனாலும் அவள் குட்டியோடு மூங்கில் புதருக்குள் புகுந்து தப்பிவிட்டாள்.

மருதன் ஓடிப்போய் அவள் முன்னால் நின்றான். "தூவானி..."

"நீ கூவினே. நான் குனிஞ்சேன்," என்றாள் அவள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி இந்தக் காவலை நம்பிக் குனிய முடியாது என்று, மறுநாள் இரண்டு கூட்டமும் பல மலை தாண்டி, தூரத்து ஊற்றுக்குக் கிளம்பிவிட்டன. தூவானியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. குட்டி தாயை விட்டுப் போகாது.

"நான் இவளுக்குத் துணைக்கு இருக்கேன்," என்றான் மருதன். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், தூரத்து ஊற்றுப் பக்கம் சாலை கிடையாது, புகை கிடையாது! வெட்கக்கேடுதான், என்ன செய்வது, புகை தன்னைப் பிடித்தவனை அப்படித்தான் ஆக்கிவிடும்.

"இனிமேல் தொடமாட்டேன்," என்று அன்றைக்கே முடிவு செய்தான். முதல் நாள் கை நடுங்கியது. இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் மான்குட்டி விளையாட்டாக வாலை இழுத்ததற்கு, "சனியனே, தள்ளிப் போ!" என்று கத்தினான். பிறகு அதற்காகத் தனியாக உட்கார்ந்து அழுதான்.

நாலாம் நாள் விடியும்போதே, "ஒண்ணே ஒண்ணு. அதோட சரி," என்று சொல்லிக்கொண்டு சாலைக்குப் போனான். ஒன்று இரண்டானது, இரண்டு ஆறானது. திரும்பி வரும்போது உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது.

குட்டைக் கரையில் தூவானி நின்றிருந்தாள். நாக்கு வெளியே தொங்கியது. குட்டி ஒரு ஈரக் கல்லை நக்கிக்கொண்டிருந்தது.

"ஏன் குடிக்கலே? தண்ணி காலடியிலதானே கிடக்கு!"

"நீ இன்னும் கூவலையே."

மருதனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் கூவலைன்னா செத்துப்போவியா? உயிரை வச்சு மிரட்டுறியா?"

"எனக்கு மிரட்டத் தெரியாது மருதா. குனிஞ்சா எனக்குக் கண்ணு தெரியாது. இந்தக் காலோட ஓடவும் முடியாது. மேல இருந்து நீதான் பார்க்கணும். வேற எப்படிக் குடிக்கிறது?"

"ஒரு தடவை ஏமாத்தினவன் நான். என்னை இன்னுமா நம்புறே?"

"நீ மேல ஏறு. தாகமா இருக்கு," என்றாள் தூவானி.

மருதன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கிழிந்த தொடையில் ஈ மொய்க்கிறது, காலையிலிருந்து தொண்டை காய்கிறது, அவள் இவனுக்காக நிற்கிறாள்! அவன் மரத்தில் ஏறினான். மூன்று இடத்தில் நின்று இளைத்தான். நாலு திசையும் இரண்டு தடவை பார்த்தான். பிறகு கூவினான். "ஊ...ப்."

கிழிந்த துணி மாதிரி ஒரு குரல். எதிர்மலைக்கு அது எட்டவே இல்லை. ஆனால் அந்தக் குரலுக்கும் தூவானி தலை குனிந்தாள். மடமடவென்று தாயும் குட்டியும் தண்ணீர் குடிப்பதை மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த மருதன், கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினான்.

அதற்குப் பிறகு அவன், "இனிமேல் தொடமாட்டேன்," என்று சொல்லவே இல்லை. "இன்னைக்கு இவங்க தண்ணி குடிச்சு முடிக்கிற வரைக்கும் தொடமாட்டேன்," என்றுதான் சொல்லிக்கொள்வான். அவர்கள் குடித்து முடித்ததும், "சாயங்காலமும் குடிக்க வருவாங்களே, அதுவரைக்கும்," என்பான். புகை ஆசை வந்தால் புளியங்கொழுந்தைப் பறித்து மென்றான். மென்று மென்று நாக்கே தோலுரிந்தது. பதினோராம் நாள் மறுபடியும் சாலைக்குப் போனான். ஒரு இழுப்பு இழுத்ததும் கல்லை நக்கிய குட்டியின் ஞாபகம் வந்தது. துண்டை மண்ணில் தேய்த்துவிட்டு ஓடி வந்துவிட்டான்.

"மானுக்குப் பயந்த மந்தி!" என்று பஞ்சர் பின்னாலிருந்து கத்தினான்.

"ஆமாடா, பயம்தான்!" என்று மருதன் ஓடிக்கொண்டே பதில் சொன்னான்.

சித்திரை முடியும் நேரம். குட்டையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அன்று காலை மருதன் உச்சியில் நின்று வடக்கே பார்த்தான், மேற்கே பார்த்தான், கிழக்கே பார்த்தான். தெற்கே பார்த்தான். உண்ணிச்செடிப் புதருக்குள் இரண்டு மஞ்சள் கண்கள்!

கீழே குட்டிக்குப் பொறுக்கவில்லை. கூவும் முன்பே துள்ளி ஓடித் தண்ணீரில் வாய் வைத்துவிட்டது.

மருதன் மூச்சை இழுத்தான். பாதி வழியில் நின்றுவிடுமோ என்று அவனுக்கு உயிர் போனது. நிற்கவில்லை! மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நெஞ்சுக்கூடு நிறைந்தது.

"ககர்! ககர்! ககர்!"

காடு அதிர்ந்தது. எதிர்மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. குட்டி வில்லாய் வளைந்து பாய்ந்தது, தொடைக் காயம் ஆறியிருந்த தாய் பின்னாலேயே பாய்ந்தாள். பெரியவர் பாய்ந்த இடத்தில் வெறும் சேறுதான் தெறித்தது.

பெரியவர் சேற்றை உதறிக்கொண்டு வெட்டவெளியில் வந்து நின்றார். வெயில் பட்டு அந்த உடம்பு பளபளத்தது. தலையைத் தூக்கி உச்சியைப் பார்த்தார்.

"பொடிப்பயலே! உன் குரல் போச்சுன்னு நினைச்சேன்."

"போகத்தான் போச்சு பெரியவரே. திரும்ப வந்துருச்சு."

"நீ சாலைப் பக்கம் போறப்பல்லாம் நான் புதர்ல படுத்துக்கிட்டு, நல்லா இழுடா மகனேன்னு உன்னை வாழ்த்துவேன். எனக்கு உன் மாதிரி வேலைக்காரன் கிடைச்சதே இல்லை! இப்படிக் கெடுத்துட்டியே!"

சொல்லிவிட்டு அவர் திரும்பி, அவசரமே இல்லாமல் நடந்து போனார். தான் யாருக்காகப் புகை பிடித்தோம் என்று மருதனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து மருதமரத்தடியில் இருமல் சத்தம். பஞ்சர் நின்றிருந்தான். கூட இளவட்டங்கள் யாரும் இல்லை.

"மருதா, அந்த 'ககர்' சாலை வரைக்கும் கேட்டுதுடா. மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு." அவன் தலையைச் சொறிந்தான். "நானும் அஞ்சாறு தடவை விட்டுப் பார்த்தேன். முடியலே. நீ எப்படிடா விட்டே?"

"இன்னும் விட்டபாடில்லை அண்ணே," என்றான் மருதன். "இன்னைக்குக் காலையிலகூட வாய் ஊறுச்சு. வாங்க, மேல வந்து உட்காருங்க. புளியங்கொழுந்து தர்றேன்."

பஞ்சர் தத்தித் தத்தி ஏறினான். ஏழு இடத்தில் நின்று இளைத்தான். கிழக்கே இருந்து காற்று வந்தது. அதில் புகை வாசனை இருந்தது. இருவரும் கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கீழே தூவானியும் குட்டியும் கரையில் வந்து நின்று, தலை குனியாமல், காதை மட்டும் நிமிர்த்திக் காத்திருந்தார்கள். மருதன் நாலு திசையும் பார்த்துவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

நம் மூச்சை நம்பி நிற்கிற ஒருவரை மனதில் வைத்துக்கொண்டால், விடவே முடியாது என்கிற பழக்கத்தையும் ஒவ்வொரு வேளையாக விட்டுவிடலாம்.