வடிவுக்குப் பிடித்த பண்டம்

தாயார் புளி உடைத்துக்கொண்டிருந்தார். ஓட்டை நீக்கி, நாரை உரித்து, அரிவாள்மணையில் ஒரு கீறு. கொட்டை ஒரு பக்கம் விழும், புளி ஒரு பக்கம் விழும்.

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு; தாயார் என்பது ஊர் அவரை அழைக்கும் பெயர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வாசலில் வந்து நின்ற சீடர் சங்கரலிங்கத்துக்கோ எழுபது. பேரன் பேத்தி எடுத்தவர் மகள் வயசுக்காரியிடம் உபதேசம் கேட்கப் போகிறார் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"வாங்க அண்ணாச்சி. சும்மா உக்காராதீங்க, ஒரு கை பிடிங்க."

சங்கரலிங்கம் உட்கார்ந்து ஒரு பிடி புளியை அள்ளிக்கொண்டார்.

"நாளைக்கு வடிவுக்குத் தலைத் திவசம், அம்மா." அவர் மனைவி போய் நாளையோடு ஒரு வருஷம்.

"தெரியும்."

"போனவங்களுக்குப் பிடிச்சதை இலையில வைக்கணும்லா."

"வைங்க."

"அதுலதான் சிக்கல்."

காலையில் அவர் வீட்டில் எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டிருந்தார். மகன் உளுந்தங்களி என்றான். மகள் கோமதி சொதி என்றாள். பேத்தி ரவாலாடு என்றாள். அவர் கத்தரிக்காய் எண்ணெய்க் கறி என்றார். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அது உங்களுக்குப் பிடிச்சதுலா மாமா" என்றாள். மகன் சிரித்தான். "நீ என்ன சிரிக்கே? களியை நீதானே சட்டியோட வழிச்சுத் திம்பே" என்றாள் கோமதி. அதற்கப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"அம்பது வருஷம் கூட இருந்திருக்கேன். ஒரு பண்டம் சொல்லத் தெரியலை. நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த இலை முன்னால உக்காருவேன்? வெள்ளிக்கிழமை தவறாம இங்க வேலைக்கு வருவாளே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லுங்க."

"மொதல்ல நீங்க சொல்லுங்க. மதினி எப்படிப்பட்ட மனுஷி?"

"அவளை மாதிரி உண்டுமா? விடியறதுக்குள்ள எந்திச்சு எனக்கு வெந்நி போட்டுருவா. எனக்குக் காய்ச்சல்னா பக்கத்தை விட்டு நகர மாட்டா. நான் கடையில இருந்து கோவமா வந்தா, பிள்ளைகளை என் கண்ணுலயே காட்ட மாட்டா. என் தம்பிமார் ரெண்டு பேருக்கும்..."

"நல்லாருக்கு அண்ணாச்சி. இது உங்க கதை. மதினி கதையைச் சொல்லுங்க."

"அவ... அவ வந்து..." என்று சங்கரலிங்கம் புளியைப் பிசைந்தார். விரலில் புளி ஒட்டிக்கொண்டு வந்தது.

தாயார் அடுத்த புளியை எடுத்தார்.

"மதினிக்குப் பலாப்பழம்னா உசிரு."

"பலாப்பழமா? எங்க வீட்டு வாசப்படியை அது மிதிச்சதே இல்லையே. எனக்கு அந்த வாடையே ஆகாது. குமட்டும்."

"அதான் இங்க வந்து தின்பாங்க. நான் இந்த மடத்துக்குச் சின்னப் பிள்ளையா வந்தப்பவே தின்னுக்கிட்டுதான் இருந்தாங்க. கிணத்தடிக் கல்லுல தனியா உக்காந்துக்கிடுவாங்க. முழங்கை வரைக்கும் சாறு வடியும். ஒரு சுளை கேட்டா, 'போடி, உனக்கு அடுத்த வாரம்'பாங்க. அப்புறம் நான் குருவா ஆனேன். அப்பவும் அதே பதில்தான்."

சங்கரலிங்கம் ஒரு புளியை எடுத்து நாரை உரித்தார்.

"வீட்டுக்குக் கிளம்பும்போது சீயக்காய் போட்டுக் கையைத் தேய்ப்பாங்க. வாயைக் கொப்பளிச்சுட்டு என் மூஞ்சிக்கு நேரா ஊதுவாங்க. வாடை அடிக்குதா பாருன்னு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாங்கிக் கொடுத்திருப்பேனே."

"கொடுத்திருப்பீங்க. மூக்கைப் பொத்திக்கிட்டுப் பக்கத்துலயே நின்னுருப்பீங்க."

அவருக்கு அது சுருக்கென்று தைத்தது.

"அப்ப இத்தனை வருஷமா என்கிட்ட மறைச்சுட்டா."

"மறைக்கலை அண்ணாச்சி. தனக்குன்னு வச்சுக்கிட்டாங்க."

கிணற்றடி அங்கிருந்தே தெரிந்தது. ஒரு துவைக்கிற கல், பக்கத்தில் செம்பருத்தி. அந்தக் கல்லில் வடிவை உட்கார வைத்துப் பார்க்க முயன்றார் சங்கரலிங்கம். சேலை தெரிந்தது. வடிகிற முழங்கை தெரிந்தது. முகம் மட்டும் வரவில்லை. அவருக்குத் தெரிந்த முகங்களில் எதை வைத்துப் பார்த்தாலும் அந்த உடம்பில் பொருந்தவில்லை.

"அப்ப நாளைக்கு அதைத்தான் வைக்கணும்," என்றார்.

"வைக்கலாம்."

"காக்கா எடுத்ததுக்கு அப்புறம் அந்த இலையில முதல்ல சாப்பிட வேண்டியது நான். எங்க வழக்கம் அது."

"ஆமா."

"குமட்டுமே அம்மா."

"குமட்டும்."

"பேசாம களியையே வச்சுரலாமா? மகன் மனசும் நோகாது. யாருக்குத் தெரியப் போகுது?"

தாயார் ஒரு புளியை எடுத்துக் கீறினார். அடுத்ததை எடுத்துக் கீறினார்.

சங்கரலிங்கம் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்.

"இப்பப் பழம் எங்க கிடைக்கும்?"

"நம்ம தோப்புலயே ஒண்ணு பழுத்துருக்கு. கிணத்தடிக்கு வாங்க. இன்னைக்கே வெட்டி ஒரு சுளை தின்னு பார்த்துருங்க. நாளைக்கு இலை முன்னால வச்சு ஓங்கரிக்கக் கூடாது."

பழத்தை உருட்டிக்கொண்டு வந்து கல்லுக்குப் பக்கத்தில் போட்டார் தாயார். வாடை வந்தது. சங்கரலிங்கத்தின் கை தன்னால் தோள் துண்டுக்குப் போய், துண்டு மூக்குக்குப் போனது. தாயார் அதைப் பார்க்காத மாதிரி அரிவாளைத் துடைத்தார். சங்கரலிங்கம் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கல்லில் உட்கார்ந்தார்.

"எனக்கு வெட்டத் தெரியாது."

"கையை நீட்டுங்க."

உள்ளங்கைகளில் நல்லெண்ணெயை ஊற்றினார் தாயார்.

"நல்லாத் தேய்ச்சுக்கிடுங்க, பால் ஒட்டும். மதினி எப்படிச் செய்வாங்கன்னா, நீளவாக்குல ஒரு கீறு போடுவாங்க. நடுத்தண்டை வெட்டித் தூர எறிஞ்சுருவாங்க. அப்புறம் இருக்கிறதுலயே பெரிய சுளையாப் பார்த்து, யாரும் வாரதுக்கு முன்னால, அதை அப்படியே..."

"அம்மா, பந்திக்கு இலை போட்டாச்சு," என்று மடத்து அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

தாயார் அரிவாளை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். சங்கரலிங்கம் கல்லில் தனியாக உட்கார்ந்து, நீளவாக்கில் ஒரு கீறு போட்டார்.