வடக்குத் தெருக் குழாய்

எங்கள் குரு செடிக்குத் தண்ணீர் விடும்போது யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. கொடுத்தால் அவர் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருப்பார். காதில் விழுந்ததா இல்லையா என்று நாம்தான் தவிக்க வேண்டும். செண்பகவல்லிக்கும் இது தெரியும். பல வருஷமாக வந்துபோகிற சிஷ்யை. ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பொறுக்கவில்லை.

அவள் அடிவாரத்து ஊரின் பஞ்சாயத்துத் தலைவி. வந்தால் காரில் வருவாள், கூட நாலு பேர் வருவார்கள், எனக்கும் நாலு டம்ளர் காப்பி கூடுதலாகப் போட வேண்டிவரும். அன்று தனியாக, நடந்தே மலையேறி வந்தாள். ஆசிரம வாசலில் இருக்கும் குழாயில் முகம் கழுவினாள். பதவிக்கு வந்த வருஷம் அவளே போட்டுக் கொடுத்த குழாய் அது. ஈர முகத்தோடு குரு முன்னால் போய் நின்றாள்.

“சாமி, காத்தாயி என்னோட பேச மாட்டேங்கிறா.”

“யாரு காத்தாயி?”

“வடக்குத் தெருக்காரி. சின்ன வயசுலேர்ந்து ஒண்ணா கிணத்துக்குப் போவோம். என் தலையில குடத்தைத் தூக்கி வைக்கிறது அவதான். இப்ப ஊரே என்னைத் தலைவரம்மாங்குது. ஏ செண்பகம்னு கூப்பிட அவ ஒருத்திதான் இருந்தா.”

“என்ன கோவம் அவளுக்கு?”

“மே தினத்து கிராம சபையில எழுந்து கேள்வி கேட்டா. எங்க தெருவுக்குன்னு வந்த குழாய் எங்க போச்சுன்னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“ஆவன செய்யப்படும்னு சொன்னேன்.”

நான் அடுப்படியில் இருந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. துண்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

“அவ விடலை சாமி. மறுபடியும் அதையே கேட்டா. கிளார்க்கு மைக் செட்காரனுக்குக் கண்ணைக் காட்டினாரு, மைக் நின்னுபோச்சு. அவ மைக் இல்லாமலே கேட்டா. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. தேசிய கீதம் போடச் சொல்லிட்டேன்.”

குரு ஊற்றுவதை நிறுத்தினார்.

“எல்லாரும் எழுந்து நின்னாங்க. அவளும் வாயை மூடிக்கிட்டு விறைப்பா நின்னா. கண்ணு மட்டும் என் மேலயே இருந்துச்சு. பாட்டு முடிஞ்சதும் கூட்டம் முடிஞ்சதுன்னு சொல்லி எல்லாரையும் அனுப்பிட்டோம்.”

எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு வாசற்படிக்கு வந்தேன்.

“அப்புறம்?” என்றார் குரு.

“மனசு கேக்கலை. அந்த வெயில்லயே வடக்குத் தெரு முக்குல தண்ணீர்ப் பந்தல் வெச்சேன். நீர்மோர், வெள்ளரிப்பிஞ்சு எல்லாம் வெச்சேன். காத்தாயி ரெண்டு காலிக் குடத்தோட அந்த வழியா வந்தா. என் கையாலயே மோர் நீட்டினேன். பேனர்ல இருந்த என் போட்டோவைப் பார்த்தா. என்னைப் பார்க்காமலே போயிட்டா.”

முந்தானையால் ஈர முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆகஸ்ட் பதினஞ்சு சபைக்கு வடக்குத் தெருவுலேர்ந்து ஒருத்தரும் வரலை. ஒரு கேள்வி வரலை. எவ்வளவு அமைதியா நடந்துச்சு பாருங்கன்னு அதிகாரிங்க பாராட்டிட்டுப் போனாங்க. நான் கூட்டம் முடியுற வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன் சாமி. திட்டவாவது வர மாட்டாளான்னு இருந்துச்சு. இப்பவும் தெருவுல யாராவது குடத்தை வைக்கிற சத்தம் கேட்டா எட்டிப் பார்க்கிறேன். அவ ஒரு வார்த்தை பேசினா போதும். அதுக்கு நான் என்ன செய்யணும்?”

குரு காலி வாளியைக் குழாயடிக்கு எடுத்துப் போனார். அவளும் பின்னாலேயே போனாள்.

“குழாய் எங்க போச்சு?” என்று கேட்டார்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் நகரவில்லை. போகச் சொன்னாலும் போயிருக்க மாட்டேன்.

“என் கொழுந்தன் தென்னந்தோப்புக்குப் போச்சு,” என்றாள். “தோப்புக்கு முதல்ல இழுத்துக்கலாம், தெருவுக்கு அடுத்த நிதியில பார்த்துக்கலாம்னான். தப்புன்னு தெரியும். அடுத்த தேர்தலுக்கு அவன் தயவு வேணுமேன்னு கையெழுத்துப் போட்டேன். காத்தாயி நடந்துதான் தண்ணி எடுப்பான்னும் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்.”

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் மேல் எனக்கு இருந்த எரிச்சலெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பாவமாக இருந்தது. குரு அவள் அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒருவழியாக மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முகம் தெளிந்திருந்தது.

“இத்தனை நாளும் இதை யார்கிட்டயும் சொல்லலை. ஒண்ணு விடாம சொல்லிட்டேன். இப்பதான் மூச்சு வருது. இனிமே அவ என்னோட பேசிருவா இல்ல சாமி?”

குரு குழாயைத் திறந்து வாளியை அடியில் வைத்தார். அது நிரம்பும் வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழாயை மூடினார்.

“இதை எதுக்குத் தாயி எங்கிட்ட சொன்ன? எனக்குத்தான் தண்ணி வருதே.”