சர்க்கரைத் தண்ணீர் ஊட்டிய தேன்சிட்டு

பூவாயி என்ற தேன்சிட்டு போன தடவை இட்ட இரண்டு முட்டைகளையும் காக்கை தின்றுவிட்டது. இந்தத் தடவை குஞ்சுகளைப் பறக்கவிட்டே தீருவதென்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள். அதனால் காட்டோரத்தை விட்டு, ஒரு வீட்டுத் தோட்டத்தில், மாதுளைக் கிளையில் கூடு கட்டினாள். காக்கை வந்தால் வீட்டுக்காரியே விரட்டிவிடுவாள். அந்த மட்டும் நல்ல யோசனைதான்.

முட்டை இரண்டும் பொரிந்தன. அதன் பிறகுதான் பாடு ஆரம்பித்தது. தேன்சிட்டுகள் தாங்கள் குடிப்பது தேன். குஞ்சுக்கு ஊட்டுவதோ சிலந்தியும் சின்னப் பூச்சியும். அவர்கள் குலத்தில் அதுதான் வழக்கம். பொழுது விடிந்ததிலிருந்து அடையும் வரைக்கும் இலை இலையாகத் துழாவ வேண்டும். பூவாயியும் அவள் புருஷன் நீலவனும் நாய் படாத பாடு பட்டார்கள். ஒரு சிலந்தியைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் குஞ்சுகள் மறுபடியும் கத்தத் தொடங்கிவிடும்.

அந்த வீட்டுக்காரிக்குத் தேன்சிட்டு என்றால் உயிர். அவற்றை வரவழைக்கவே செம்பருத்தி வைத்தாள், இட்லிப்பூ வைத்தாள். அதுவும் போதாதென்று ஒரு நாள் காலையில், சிவப்பு மூடி போட்ட பாட்டிலில் சர்க்கரையைக் கரைத்துக் கூட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டாள்.

பூவாயி ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்தாள். அடேயப்பா, என்ன தித்திப்பு! குடித்துவிட்டு வழக்கம்போல் சிலந்தி தேடப் போனாள். செம்பருத்தி இலைக்குப் பின்னால் கொழுத்த சிலந்தி ஒன்று, தன் முட்டைப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தப்பிக்க இடமில்லை.

"ஒரு நிமிஷம் பொறு, தங்கச்சி," என்றது சிலந்தி.

"சாகப் போறவளுக்கு என்ன பேச்சு?"

"என்னை விட்டுடுன்னு நான் கெஞ்சல. உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு, அதான். அந்த வீட்டம்மா பாட்டிலை யாருக்காகத் தொங்கவிட்டிருக்கா? காக்காவுக்கா, மைனாவுக்கா? உனக்குன்னு தொங்கவிட்டிருக்கா. வீட்டு விருந்தாளி நீ. பெத்த பிள்ளைக்குப் போய் எட்டுக்கால் பூச்சியைப் பிடிச்சுப் போடுறியே, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

பூவாயிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இருந்தாலும், "எங்கம்மா எனக்குச் சிலந்திதானே கொடுத்தா..." என்று இழுத்தாள்.

"உங்கம்மா காலத்துல பாட்டில் இருந்துச்சா? இல்லாதவ என்ன செய்வா, பாவம். உனக்கென்ன குறை?"

உண்மையைச் சொன்னால், மறுத்துப் பேசப் பூவாயிக்கு மனசில்லை. சிறகு இரண்டும் விண் விண்ணென்று வலித்துக்கொண்டிருந்தன. பாட்டிலோ பக்கத்திலேயே இருந்தது. அவள் சிலந்தியை விட்டுவிட்டுப் போனாள்.

அன்றையிலிருந்து குஞ்சுகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர்தான். இரண்டும் ஆசை ஆசையாகக் குடித்தன. முதலில் கத்தல் குறைந்தது, பிறகு நின்றே போனது. பூவாயிக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரிக்கு அவளை விடச் சந்தோஷம். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "எத்தனை தடவை வருது பாருங்க," என்று காட்டிக் காட்டி மாய்ந்துபோனாள்.

நீலவனுக்கு மட்டும் என்னவோ சரியாகப் படவில்லை. குஞ்சு பொரிந்த ஆறாம் நாள் அலகில் ஒரு சிலந்தியோடு வந்தான். பூவாயி கூட்டு வாசலை மறித்துக்கொண்டாள்.

"இதெல்லாம் எதுக்கு? தித்திப்புக்குப் பழகிட்ட வாய். துப்பிடும்ங்க."

"இறகு முளையே விடலையே, பூவாயி. சின்னது தலையைக்கூடத் தூக்க மாட்டேங்குது."

"கத்துதுங்களா? இல்லைல்ல? வயிறு நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம். என் பிள்ளைங்களை எனக்கு வளர்க்கத் தெரியாதா?"

நீலவன் இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதற்கு அவன் மேல் எவ்வளவு கோபப்பட்டாலும் தகும். எதற்கு வீண் சண்டை என்று, கொண்டுவந்த சிலந்தியைத் தானே விழுங்கிவிட்டு இட்லிப்பூ பக்கம் போய்விட்டான்.

பத்தாம் நாள் விடிந்தது. இவள் குஞ்சுகளோடு ஒரே நாளில் பொரிந்த தையல்சிட்டுக் குஞ்சுகள், வேலியோரத்தில் உடம்பெல்லாம் இறகோடு சிறகடித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. பூவாயியின் குஞ்சுகளோ பிறந்த மேனியாகவே கிடந்தன. வயிறு மட்டும் உப்பியிருந்தது. சின்னதை அலகால் தட்டினாள். தூங்குகிறது என்று நினைத்து இன்னொரு தடவை தட்டினாள். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

அவள் செம்பருத்திக்குப் பறந்தாள். சிலந்தி அதே இலையில்தான் இருந்தது. முட்டைப் பை பிரிந்து, கடுகு கடுகாகக் குட்டிச் சிலந்திகள் செடி முழுக்க ஊர்ந்துகொண்டிருந்தன.

"பாவி, என் பிள்ளையைக் கொன்னுட்டியே!"

"நானா கொன்னேன்?" என்றது சிலந்தி. அதன் குரலில் ஏளனம் இல்லை. "என் பிள்ளைங்களைக் காப்பாத்த வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அன்னைக்கு உன் அலகுக்குக் கீழ இருந்தவ வேற என்ன சொல்லுவா? பிள்ளை உன்னோடது. தேறுதா, மெலியுதான்னு நீதானே பார்த்திருக்கணும்?"

பூவாயி ஒரு எட்டு முன்னால் தத்தினாள்.

"இப்ப வேணும்னா என்னைத் தூக்கிட்டுப் போ," என்றது சிலந்தி. "என் வேலை முடிஞ்சாச்சு."

பூவாயி அதைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் பறந்தாள். பெரிய குஞ்சுக்கு உயிர் இருந்தது. அதன் அலகருகே சிலந்தியை வைத்தாள். குஞ்சு வாயைத் திறக்கப் பார்த்தது, முடியவில்லை. அலகோரத்தில் வைத்த சிலந்தி நழுவிக் கீழே விழுந்தது. சிலந்தி பெரிதாக இருப்பதால் இருக்கும் என்று, மறுபடியும் ஓடிக் குட்டிச் சிலந்திகளாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அதுவும் ஆகவில்லை. நீலவனும் வந்து சேர்ந்துகொண்டான். நடுப்பகல் வரை இருவரும் மூச்சு வாங்கப் பறந்து பறந்து கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு தீனி அந்தக் கூட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

வெயில் சாயும்போது நீலவன் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தான். குஞ்சை அலகால் மெல்லத் தட்டினான்; அசைவே இல்லை.

"போதும் பூவாயி," என்றான். "வா, போயிடலாம்."

அவள் வரவில்லை. அலகு நிறையச் சிலந்திகளை வைத்துக்கொண்டு, வாய் திறக்காத பிள்ளையின் முன்னால் உட்கார்ந்தே இருந்தாள்.

பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது, நமக்குச் சுலபமானதையும் அதன் வாய்க்கு இனிப்பதையும் அல்ல. அது வளரத் தேவையானதைத்தான்.