தேரையின் கதைக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள்

பனிமலைகளுக்கு அப்பால், மரமே முளைக்காத மேட்டுநிலத்தில் ஓர் ஏரி இருந்தது. அங்கே வரித்தலை வாத்துகள் வாழ்ந்தன. குளிர் தொடங்கினால் அவை மலையைத் தாண்டித் தெற்கே பறந்து வந்து, நம் ஊர்க் கண்மாய்களில் நாலைந்து மாதம் இரை மேயும். இங்கே கேட்ட கதைகளை ஊருக்குத் திரும்பிச் சொல்ல அவற்றுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் பாதிக் கதை மலை உச்சியிலேயே மறந்துபோகும்.

அதனால் வாத்துகளின் தலைவி பேமா ஓர் ஏற்பாடு செய்தது. ஆண்டுக்கு ஒரு கதைசொல்லியைத் தெற்கேயிருந்து முதுகில் சுமந்து வருவார்கள். ஏரிக்கரையில் தங்க ஒரு வளை, வேளாவேளைக்குப் பூச்சி புழு, கோடை முழுக்க வேறு வேலை கிடையாது. கதையை வடக்கத்திப் பேச்சுக்கு மாற்ற இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் பக்கத்து வளைகளில் தங்குவார்கள். கோடை முடிவில் இருவரும் சபையில் சொல்லிக் காட்ட வேண்டும். சபைக்கு எது பிடிக்கிறதோ, அதை வாத்துகள் ஏரி ஏரியாகக் கொண்டுபோகும்.

அந்த ஆண்டு போனது வண்டலி என்ற தேரை. வண்டலியிடம் இருந்தது ஒரே ஒரு கதை. கண்மாய் வறண்ட வருஷம் தானும் தங்கை ஆம்பலும் மண்ணுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருந்த கதை. வண்டலி பிழைத்தது. ஆம்பல் பிழைக்கவில்லை.

"எனக்குப் பேரும் வேண்டாம், புகழும் வேண்டாம். அப்படி ஒருத்தி இருந்தாள்னு நாலு ஏரிக்குத் தெரிஞ்சாப் போதும்," என்று சொல்லித்தான் வண்டலி வாத்தின் முதுகில் ஏறியது.

மொழிபெயர்ப்பாளர்களில் முதலாவது, வண்டலியின் கண்மாய்க்கரையிலிருந்தே கூட வந்த கரிச்சான் குருவி. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும். ஒரே குளிர்காலத்தில் வாத்துகளிடம் வடக்கத்திப் பேச்சைக் கற்றுக்கொண்டது. மொழிவளவன் என்று தனக்குத் தானே பட்டமும் சூட்டிக்கொண்டது.

இரண்டாவது, அந்த ஏரிக்கரை மர்மோட். பார்க்க அணில் போலிருக்கும். ஆனால் நம் ஊர்ப் பூனையளவு கொழுத்த உடம்பு. அதன் பெயர் தாஷி. தெற்குத் திசைக்கே போனதில்லை. வாத்துகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே தெற்கத்திப் பேச்சைப் பழகியிருந்தது.

அந்த ஏரியில் ஒரு பழக்கம். மொழிபெயர்ப்பாளர் ஒரு கேள்வி கேட்டால், கதைசொல்லியின் வாசலில் தன் பக்கம் ஒரு கூழாங்கல்லை வைக்க வேண்டும். யார் எத்தனை கேட்டார் என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

கரிச்சான் கதையை ஒரே தடவை கேட்டது. மூன்றே நாளில் முடித்துவிட்டது. அதன் பக்கம் ஒரு கல்கூட இல்லை. தாஷியின் பக்கமோ கல் குவிந்துகொண்டே போனது.

"கண்மாய் காயும்போது முதலில் ஓரம் காயுமா, நடு காயுமா?" என்று கேட்கும், ஒரு கல் வைக்கும். "காய்ந்த சேறு என்ன வாசனை அடிக்கும்?" இன்னொரு கல்.

"என்ன தாஷி, வீடு கட்டப் போறியா?" என்று கேட்டுக் கரிச்சான் சிரித்தது. "என் பக்கம் பாரு, சுத்தமா இருக்கு. தெரிஞ்சவனுக்குக் கல்லு எதுக்கு?"

தாஷிக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தெரிந்துகொள்ளும் ஆசை வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. மறுநாளும் ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தது.

"நானும் வளை தோண்டுகிறவன்தான் அக்கா. தலையை முன்னால் விட்டு முன்னங்காலால் தோண்டுவேன். நீங்கள் எப்படி?"

"நாங்க பின்னங்காலால தோண்டுவோம். உக்காந்த வாக்கிலேயே பின்னாடி இறங்குவோம். மூஞ்சி மேல பாத்தபடி இருக்கும்."

"அப்படியானால் நீங்கள் கடைசியாகப் பார்ப்பது வானத்தையா?"

வண்டலி வானத்தை நிமிர்ந்து பார்த்தது. "ஆமா. இத்தனை தடவை இந்தக் கதையைச் சொல்லியிருக்கேன். இத நான் யோசிச்சதே இல்ல," என்றது.

அன்றிலிருந்து வண்டலியே தாஷிக்காக வாசலில் காத்திருக்க ஆரம்பித்தது. கோடை இப்படியே கழிந்தது. சபை கூடப் பத்து நாள் இருக்கும்போது தாஷி இன்னொரு கல்லை வைத்தது.

"ஒரே ஒரு இடம் எனக்குப் பிடிபடவில்லை அக்கா. மழைச் சத்தம் கேட்டு ஆம்பல் மேலே போனாள் என்கிறீர்கள். அதற்குப் பிறகும் எட்டு மாதம் மண் காய்ந்து கிடந்தது என்கிறீர்கள். மழை பெய்யவில்லை என்றால், அவள் கேட்டது என்ன?"

வண்டலியின் முகம் மாறியது. "கதைய உங்க பேச்சுக்கு மாத்தத்தானே வந்த? மாத்திட்டுப் போ. எல்லாத்தையும் நோண்டாத," என்று சொல்லிவிட்டு வளைக்குள் போனது. அதன்பிறகு சபை நாள்வரை வெளியே வரவே இல்லை.

தாஷி தினமும் வாசலில் வந்து உட்கார்ந்தது. குளிர் ஏறிக்கொண்டிருந்தது. மர்மோட்டுகள் குளிர்காலம் முழுக்கத் தூங்கும் சாதி. தாஷிக்குக் கண் சொருகியது. கரிச்சானுக்கே பாவமாகிவிட்டது.

"புரியாத இடத்தை ஏன்யா கட்டி அழுவுற? வழவழன்னு ஏதாவது போட்டு மூடிட்டுப் போ. கேக்கிறவங்களுக்கா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றது தாஷி.

சபை நாளும் வந்தது. நாரைகள், முயல்கள், நரிகள் என்று ஏரியே கூடியிருந்தது. வண்டலியும் வந்து ஓரமாக உட்கார்ந்தது. பேமா முதலில் கரிச்சானைக் கூப்பிட்டது.

கரிச்சான் சொன்ன அழகே அழகு. எங்கும் தட்டவில்லை, திக்கவில்லை. சபையே தலையாட்டியது. முடிந்ததும் எல்லோரும் இறக்கையும் காலும் தட்டி, "நல்ல கதை," என்று சொல்லிவிட்டு, தாஷியின் முறைக்குக்கூட நிற்காமல் மேயக் கிளம்பினார்கள்.

வடக்கத்திப் பேச்சு புரியாத வண்டலி தாஷியின் பக்கம் நகர்ந்தது. "எல்லாரும் சந்தோஷமா போறாங்களே. ஆம்பலைப் பத்தி என்ன சொன்னான்?"

தாஷி தயங்கியது. "அவர் கதையில் கண்மாய் வறளவில்லை அக்கா, உறைந்துபோகிறது. இங்கே இருப்பவர்களுக்கு அது சுலபமாகப் புரியும் என்று மாற்றியிருக்கிறார். நீங்கள் இருவரும் தூங்குகிறீர்கள். வசந்தம் வந்ததும் எழுந்து நீந்துகிறீர்கள்."

"ரெண்டு பேருமா?"

"ஆமாம். ஆம்பல் உயிரோடு இருக்கிறாள்."

வண்டலி யாருக்காக மலை தாண்டி வந்ததோ, அந்தத் தங்கை சாகவே இல்லை என்று ஆகிவிட்டது. சாகவில்லை என்றால் அழவும் ஆளில்லை. ஆனால் கரிச்சானை மட்டும் எப்படித் திட்டுவது? அந்த இடத்தை முதலில் மூடியது தான்தானே என்று நினைத்தபோது அதற்கு அழுகை வந்தது.

"தாஷி, நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன். எல்லாரையும் நிக்கச் சொல்லு. நான் சொல்லச் சொல்ல அவங்களுக்குச் சொல்லு."

தாஷி பாறைமேல் ஏறி, போகிறவர்களைக் கூப்பிட்டது. வண்டலி ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, தாஷி ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னது.

"மழை பெய்ஞ்சா மண்ணுக்குள்ள தடதடன்னு கேக்கும். அன்னைக்கும் அப்படித்தான் கேட்டுச்சு. ஆம்பல் என்னைக் கேட்டா, இது மழைதானான்னு. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல எனக்கு வாய் வரல. மூத்தவ இல்லையா? மழைதான், போன்னு சொல்லிட்டேன். அவ மேல போனா. அது மழையில்ல. அப்புறந்தான் ஆடு கத்துறது கேட்டுச்சு, காஞ்ச கண்மாயில ஒரு ஆட்டுமந்தை நடந்து போச்சு. மேல நல்ல வெயில்."

மேயப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கை தட்டவில்லை. பிறகு ஒரு முயல் மெல்லக் கேட்டது. "ஆட்டு நடை அவ்வளவு மழை மாதிரியா இருக்கும்?" ஒரு நாரை கேட்டது. "அவளால் திரும்பி இறங்க முடியாதா?" வண்டலி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது. தெரியாததற்குத் தெரியாது என்றே சொன்னது.

"இந்தக் கதைதான் போகும்," என்றது பேமா.

கூட்டம் கலைந்தபின் கரிச்சான் தத்தித் தத்தி வண்டலியிடம் வந்தது. "அக்கா, நான் அந்தக் கண்மாய் மேலதான் தினமும் பறப்பேன். அந்த ஆட்டுமந்தையையும் நான் பாத்திருப்பேன். மண்ணுக்கு அடியில அது எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு கூட எனக்குத் தெரியல."

"உக்காரு, சொல்றேன்," என்றது வண்டலி.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூசினால், அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் நம்மை நம்பிய இன்னொருவர்தான்.