பொட்டு நின்ற இடம்

காலையிலிருந்து சங்கிலிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருபது வருஷம் போலீஸ் மோப்ப நாய்களைப் பழக்கி ஓய்வு பெற்றவர். அவர் "உட்கார்" என்றால் நாயோடு பக்கத்தில் நிற்கும் கான்ஸ்டபிளும் உட்கார்ந்துவிடுவார் என்பார்கள். அப்பேர்ப்பட்டவரின் மானத்தைப் பொட்டு என்ற நாய் இன்று வாங்கிவிட்டது.

பார்வையில்லாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் பள்ளி அது. அங்கே தொழில் கற்க அவர் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. குரு ஹெலன் டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"டீச்சர், பொட்டு தேறாது. வசுமதியைக் காத்திருக்கச் சொல்லிடுங்க."

பார்வையில்லாத வசுமதி வழிகாட்டும் நாய்க்காக ஏற்கெனவே இரண்டு வருஷம் காத்திருந்தவள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். தனியாகப் போய் வருவேன் என்று வீட்டில் சண்டை போட்டு வாங்கிய வேலை.

"பொட்டு என்ன பண்ணுச்சு?"

"கண்ணைக் கட்டிக்கிட்டு தபாலாபீஸ் தெருவுல நடந்தேன். பாதி வழியில நின்னுடுச்சு. மூணு தடவை 'போ'ன்னேன். குறுக்க வந்து மறிச்சுக்கிட்டு நிக்குது!"

"கட்டை அவிழ்த்துப் பார்த்தீங்களா?"

"எதுக்கு? அந்தத் தெரு எனக்கு அத்துப்படி. வந்த கோபத்துல அப்படியே திரும்பி இழுத்துட்டு வந்துட்டேன். ஆறு வாரம் கொடுங்க, அடக்கிக் காட்டறேன்."

நாயைக் கொடுக்குமுன், பயிற்சியாளரே நாயாக நடந்து, வந்தவரின் நடை வேகத்தை அளப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். நாய்க்கு மாட்டும் தோல்வாரை டீச்சர் சங்கிலிமுத்துவின் கையில் திணித்தார். அதன் கைப்பிடியை, நாயை வாங்க வந்திருந்த வசுமதியிடம் கொடுத்தார்.

"தபாலாபீஸ் வரைக்கும் போயிட்டு வாங்க. நாய் பேசக் கூடாது."

வசுமதி நெளிந்தாள். "அண்ணனைப் 'போ'ன்னு சொல்லக் கூச்சமா இருக்கு டீச்சர்."

"இப்ப அவர் அண்ணன் இல்ல."

வசுமதியின் நடை சீராக இருந்தது. சங்கிலிமுத்துதான் பதற்றத்தில் முன்னே முன்னே ஓடினார். தபாலாபீஸ் தெருவில் பாதி வழியில் அவர் கால் சட்டென்று நின்றது.

தெருவின் குறுக்கே இடுப்பளவுப் பள்ளம். குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். ஒரு தடுப்பு கிடையாது. காலையில் இதே இடத்தில் நின்றுதான் கத்தினோம் என்று அவருக்குப் புரிந்தது.

"போ" என்றாள் வசுமதி.

அவர் அசையவில்லை.

"போ!" கைப்பிடி அவர் விலாவில் இடித்தது.

வாயைத் திறக்க முடியாது. வசுமதி பொறுமையிழந்து, "போன்னு சொல்றேன்ல!" என்று பக்கவாட்டில் ஓரடி வைத்தாள். அவர் பாய்ந்து அவள் காலுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். கடைசியில் அவளே சலித்துப்போய்த் திரும்பச் சொன்னாள்.

வாசலில் டீச்சர் பொட்டுவோடு நின்றிருந்தார்.

"நாய் எப்படிம்மா?"

"கொஞ்சம் அவசரம். அதுகூடப் பரவாயில்ல. சொன்ன பேச்சைக் கேக்கவே இல்ல டீச்சர். மூணு தடவை சொல்லியும் மறிச்சுக்கிட்டு நின்னுடுச்சு."

டீச்சர் சங்கிலிமுத்துவைப் பார்த்தார்.

"இதையும் ஆறு வாரம் அடக்கிப் பார்க்கலாமா?"

சங்கிலிமுத்து குனிந்து, தோல்வாரைப் பொட்டுவின் முதுகில் மாட்டினார்.